பள்ளிக்கூட வயதும் வாரண்டி அட்டையும்

எனக்குப் பிறந்த தேதி இரண்டு. ஒன்று, ஆஸ்பத்திரியில் நான் உண்மையில் பிறந்தது. இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவே இரண்டு வருஷ வித்தியாசம். இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. மரக்காணத்து உப்பளங்களுக்குக் கூலி வேலைக்குப் போன குடும்பங்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

விடிவதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் உப்புப் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் அது பாத்தியை மிதித்துக் கலக்கிவிடும், கண்ணைக் கசக்கிக்கொண்டு அழும். வீட்டில் விட்டுப் போகவும் ஆளில்லை. அதனால் நான்கு வயது நிரம்புவதற்குள் என்னைப் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்புச் சீட்டை அம்மா பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. அதைக் காட்டினால் சேர்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தலைமையாசிரியரிடம் ஒரு பரீட்சை இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. என் கை எட்டவில்லை. அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். தலையைத் தடவிக் கொடுப்பதுபோல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்தாள். விரல் காதில் பட்டுவிட்டது. அவர் பார்த்தாரா, பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாரா, தெரியாது. ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவளுக்கும் அதே தேதியைத்தான் எழுதினார். எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெண் அவள். அவளுக்கு நிஜமாகவே ஐந்து வயது. யாருடைய உதவியும் இல்லாமல் காதைத் தொட்டாள், என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்சு. வருஷா வருஷம் ஒரே நாளில் இரண்டு பேரும் மிட்டாய் கொடுத்தோம். ஊர் உலகத்துக்கு நாங்கள் ஒரே வயது. என் நிஜ வயது என் பெற்றோரை விட்டால் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வயது கூட்டிப் போட்டதன் கஷ்டம் வயசுக்கு வரும் காலத்தில்தான் தெரிந்தது. வகுப்பில் எல்லோரும் பெரிய பெண்களாக ஆனபோது நான் மட்டும் குச்சியாக நின்றேன். சரி, நமக்கு வயது கம்மி, பின்னால் வளர்ந்துவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வளரவில்லை. பதினாறிலும் வளரவில்லை, பதினெட்டிலும் வளரவில்லை. உப்புப் பாத்தியைக் காலால் மிதித்து மிதித்து ஒரு மேடு பள்ளம் இல்லாமல் சமன் செய்வார்கள். அப்போதுதான் தண்ணீர் ஒரே மட்டமாக நிற்கும். எங்கள் பையன்களுக்கு இது தெரியும் என்பதால் எனக்குப் பட்டப்பெயர் வைக்க அதிகம் யோசிக்கவில்லை. "டேய், பாத்தி வருதுடா" என்பார்கள். டீக்கடை வாசலில் சொல்வார்கள், பஸ்ஸில் சொல்வார்கள், கோயில் திருவிழாவில் மைக் செட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்வார்கள்.

அம்மாவிடம் சொன்னால், "போவட்டும் வுடு, வேலை செய்றவளுக்கு அதெல்லாம் எதுக்கு" என்றாள். உப்பளத்தில் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அங்கே யாருக்கு மார்பு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று தெரியாது. ஆனால் நான் உப்பளத்துக்குப் போகவில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் பாண்டியில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் சேர்ந்தேன். அங்கே கண்ணாடிக்கு முன்னால் நின்று வாடிக்கையாளருக்குப் புடவையைத் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். சூப்பர்வைசர் ஒரு வாரம் பார்த்தார். பிறகு, "நீ மடிச்சு வைக்கற வேலையைப் பாரும்மா, இன்னொரு பொண்ணு நிக்கட்டும்" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு வருஷம் புடவை மடித்தேன்.

அதற்குள் என் தோழி நர்ஸ் உதவியாளர் படிப்பு படித்துவிட்டு, பாண்டியிலேயே ஒரு தனியார் அழகு சிகிச்சை கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, வாயில் பாதிக்கு மேல் இங்கிலீஷ். வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசி, டாக்டரிடம் கூட்டிப் போய், கையெழுத்துகள் வாங்குகிற வேலை. ஒருநாள் என் அறைக்கு வந்தவள், "ஏய், இதுக்கு ஆபரேஷன் இருக்குதுடி. சினிமாக்காரங்களுக்கு மட்டும்னு நெனச்சுக்கினு இருக்கியா? டீச்சருங்கோ வர்றாங்க, பேங்க் வேலை செய்றவங்கோ வர்றாங்க" என்றாள்.

ஆசை வெட்கம் அறியாது. சீட்டுப் போட்டிருந்தேன், எடுத்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

டாக்டர் நல்லவராகத்தான் பேசினார். மேஜை மேல், மார்புக்குள் வைக்கிற பைகள் இரண்டை எடுத்து வைத்தார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். "இது உள்ள உப்புத்தண்ணி நிரப்பறது. பதினெட்டு வயசு ஆனா போடலாம். இது சிலிகான் ஜெல். அழகுக்காகப் போடறதுன்னா இருபத்திரண்டு ஆகியிருக்கணும். உடம்பு வளர்ச்சி முழுசா முடிஞ்சிருக்கணும், எடுக்கற முடிவுலயும் ஒரு நிதானம் வந்திருக்கணும், அதுக்காகத்தான் இந்தக் கணக்கு." பிறகு வாரண்டியைப் பற்றிச் சொன்னார். பையின் மேலுறை கிழிந்தால் கம்பெனி புதிது கொடுக்கும். ஆனால் அவர்கள் சொன்ன வயதில், சொன்ன முறையில் போட்டிருக்க வேண்டும். இது ஆயுசுக்கும் வருகிற பொருள் இல்லை, என்றைக்காவது ஒருநாள் எடுக்கவோ மாற்றவோ வேண்டி வரும் என்பதையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

அப்போது எனக்கு நிஜ வயது இருபது. பள்ளிக்கூட வயது இருபத்திரண்டு. உப்புத்தண்ணிப் பையை எடுத்துக்கொண்டிருந்தால் எந்த வயதாக இருந்தாலும் ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனால் நான் அதைக் கையால்கூட மறுபடி தொடவில்லை. "உப்புத்தண்ணியா? எங்க ஊர்ல அது ஏக்கர் கணக்கா நிக்குது டாக்டர். அதுக்கா நான் சீட்டு எடுத்துக்கினு வந்தேன்?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அது சுத்தமான, குளுக்கோஸ் மாதிரி ஏற்றுகிற தண்ணீர்தான் என்று விளக்கினார். என் காதில் ஏறவில்லை. உப்புத்தண்ணீர் மண்வெட்டியைத் தின்று நான் பார்த்திருக்கிறேன், சைக்கிள் செயினைத் தின்று பார்த்திருக்கிறேன், அம்மாவின் குதிகாலைத் தின்று பார்த்திருக்கிறேன். அதைப் பையில் கட்டி நெஞ்சுக்குள் வைத்துக்கொள்வதா? வெளியூர்க்காரி யாராக இருந்தாலும் அதுவே போதும் என்றிருப்பாள். உப்பளத்தில் பிறந்தவளுக்குத்தான் இந்த அறிவு வரும்.

"உங்க பிறந்த தேதி ஆதார்ல இருக்கறதுதானே?" என்று கேட்டார். "ஆமாம் டாக்டர்" என்றேன்.

வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் தோழி கையைப் பிடித்து இழுத்தாள். "உனக்கு இருபதுதான?" என்று கிசுகிசுத்தாள்.

"நீயே சொல்லேன், எது நெஜம்?"

"கார்டுல இருக்கறதுதான்டி வயசு. உங்கம்மா அன்னிக்குத் தலைய சாய்ச்சத இங்க யாரு வந்து கேக்கப் போறா?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஆபரேஷன் அன்று காலையில் அவள்தான் காகிதங்களைக் கொண்டுவந்தாள். கத்தையாக இருந்தன, எல்லாம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும், எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பேன். அவள் பக்கத்தில் நின்று நகத்தால் தொட்டுக் காட்டினாள். "இங்க போடு. இங்க. இப்ப இதுல." அவள் நிற்கும்போது ஒவ்வொன்றாகப் படித்தால் அவளைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. காட்டிய இடத்தில் எல்லாம் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் அறையில்தான் படுத்துக் கிடந்தேன். கையைத் தூக்க முடியாது. அவள் கஞ்சி வைத்து ஊட்டினாள். தலை வாரிப் பின்னிவிட்டாள். பாத்ரூம் வரை தாங்கிக்கொண்டு போனாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று நான் அழுதேன். கடைசி நாள் வாரண்டி அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பையின் நம்பர், கம்பெனியின் போன் நம்பர், என் பெயர் எல்லாம் இருந்தது. அது கசங்கிவிடக் கூடாது என்று கடையில் கொடுத்து லேமினேட் செய்துகொண்டு வந்திருந்தாள். "பத்திரமா வெச்சுக்கோ. இது இருக்கற வரைக்கும் உனக்குக் கவலையே இல்ல" என்றாள்.

நான் சந்தோஷமாக இருந்தேன். அதை இப்போது மறைக்க மாட்டேன். ஊரில் தையல்கார அக்கா அளவெடுக்கும்போது டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்து, "பாண்டி சாப்பாடு ஒத்துக்கிச்சு போல" என்றாள். டீக்கடை வாசலில் அந்தப் பட்டப்பெயர் தானாகச் செத்துப்போனது. கடையில் ஒருநாள் சூப்பர்வைசரே என்னைக் கண்ணாடி முன்னால் நிற்கச் சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பட்டுப்புடவையைத் தோளில் போட்டுக் காட்டினேன். அந்த வாடிக்கையாளர் அதையே வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வருஷம் கழித்துக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீடு கீழ்புத்துப்பட்டு, அவர் மினி லாரி ஓட்டுகிறவர். பெண் பார்க்க வந்த இடத்தில் அவருடைய அம்மா என் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னாங்க இது, பொண்ணு எங்க புள்ளைய வுட ஒரு வருசம் மூத்ததா இருக்குதே?"

"அது பள்ளிக்கூட வயசுங்க. நெஜ வயசு ரெண்டு வருசம் கம்மிங்க. ஆஸ்பத்திரி சீட்டு இருக்குது" என்று அம்மா பெட்டியைத் திறக்க ஓடினாள்.

"சீட்டு இருக்கட்டும். கார்டுல மாத்திட்டு வாங்க. நாளைக்கு சொந்தக்காரங்க ஒரு பேச்சு பேசுவாங்க."

மாப்பிள்ளைக்கும் பள்ளிக்கூட வயதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் மாப்பிள்ளையின் காது, கை எல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு உண்மையைச் சொல்லிக் கல்யாணம் செய்தார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்த்து, ஆதாரில் தேதியைத் திருத்தி, இரண்டு வயது குறைந்து நான் மணவறையில் உட்கார்ந்தேன்.

இன்னொரு உண்மையை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. மார்புக்குக் கீழே மடிப்பில் இருந்த தழும்பை அவர் பார்த்தார். "சின்ன வயசுல கட்டி வந்து கீறினாங்க" என்றேன். "ரெண்டு பக்கமுமா?" என்றார். "ரெண்டு பக்கமும்தான்" என்றேன். அவர் நம்பினார். நான் சொன்னால் எதையும் நம்புகிற மனிதர்.

சொல்லிவிடலாமா என்று கல்யாணத்துக்கு முந்தின வாரம் தோழியிடம் கேட்டிருந்தேன். "பைத்தியமா உனக்கு? ஆம்பளைங்ககிட்ட இதெல்லாம் சொல்லுவாங்களா? ஏதாச்சும் ஆனாலும் வாரண்டி இருக்குது, நான் இருக்கறேன். ரெண்டு நாளு எங்கிட்ட வந்துட்டுப் போனா முடிஞ்சுது" என்றாள். கர்ப்பமானபோது குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்று அவளிடம்தான் கேட்டேன். டாக்டரைக் கேட்டுச் சொன்னாள். கொடுத்தேன். என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அவள் வழியாகத்தான் எனக்கு வந்தது.

போன பங்குனியில் ஒருநாள் குளிக்கும்போது வலது பக்கம் ஒரு மாதிரி தட்டுப்பட்டது. ஒரு இடத்தில் சப்பையாக ஒடுங்கியிருந்தது. அக்குளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டி. வலி இல்லை. திண்டிவனத்தில் ஸ்கேன் எடுத்தேன். பையின் மேலுறை கிழிந்து ஜெல் வெளியே வந்திருக்கிறது, அதைச் சுற்றி உடம்பு போட்டிருக்கிற சவ்வுக்குள்ளேயே இருக்கிறது, அவசரம் இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெரிய பயம் வரவில்லை. அட்டை இருக்கிறதே. கம்பெனி புதிது கொடுக்கும், தோழி பார்த்துக்கொள்வாள், தாய்வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாற்றிக்கொண்டு வந்துவிடலாம், அவருக்குத் தெரியவே தெரியாது. ரேஷன் கார்டோடு வைத்திருந்த அட்டையை எடுத்தேன். அவளுக்குப் போன் செய்தேன். அவள் ஸ்கேனில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டச் சொன்னாள். பிறகு, "பார்க்கலாம்டி, மேல கேட்டுச் சொல்றேன்" என்றாள். மறுநாள் எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று நானே அட்டையில் இருந்த நம்பருக்குப் பேசினேன். ஒரு படிவம் அனுப்பினார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டும் அடையாள அட்டையும் கேட்டார்கள். என்னிடம் இருந்த ஆதாரைப் படம் எடுத்து அனுப்பினேன். கல்யாணத்துக்காகத் திருத்திய ஆதார்.

பத்து நாளில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான இங்கிலீஷ். எழுத்துக் கூட்டி நான்கு முறை படித்தேன். ஆபரேஷன் நடந்த தேதியில் எனக்கு இருபத்திரண்டு வயது ஆகவில்லை. அந்த வயதுக்குக் கீழே ஜெல் வகை போட்டிருந்தால் வாரண்டி செல்லாது. வருந்துகிறோம்.

அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை. என்னைத்தான் திட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்காக இரண்டு வயதைக் கழற்றி எறிந்தேன், வாரண்டி அந்த இரண்டு வயதில்தான் இருந்திருக்கிறது. பொய் சொன்னவளுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். ஆனாலும் விட மனசில்லை. ஆபரேஷன் செய்த அன்று என் பெயரில் இருந்த வயது இருபத்திரண்டுதானே? பள்ளிச் சான்றிதழ், பழைய ஆதாரின் ஜெராக்ஸ் எல்லாம் அம்மாவின் பெட்டியில் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு பாண்டிக்குப் பஸ் ஏறினேன். கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வாங்கிவிட்டால் போதும். நோயாளி காட்டிய ஆதாரத்தின்படி அன்றைக்கு வயது சரியாக இருந்தது என்று ஒரு வரி. அதை எழுதிக் கொடுக்க என் தோழியைவிட யார் இருக்கிறார்கள்?

அவள் சாப்பிடப் போயிருந்தாள். மேஜையில் இருந்த புதுப் பெண்ணிடம் என் பெயரைச் சொல்லி, என் ஃபைல் வேண்டும் என்றேன். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள்கள். அவசரம் இல்லை, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

நான்காவது தாள் கம்பெனிப் படிவம் இல்லை. கிளினிக்கின் காகிதத்தில் கையால் எழுதியது. அந்தக் கையெழுத்தைப் பன்னிரண்டு வருஷம் பக்கத்து நோட்டில் பார்த்தவள் நான். அதில் எழுதியிருந்ததை என் தமிழில் சொல்கிறேன்: நோயாளியின் சான்றிதழில் வயது இருபத்திரண்டு என்று இருந்தாலும் உண்மையான வயது இருபது என்று நோயாளியே தெரிவித்திருக்கிறார். ஜெல் வகைக்கு வயது போதாது என்பது அவருக்கு விளக்கப்பட்டது. அதனால் கம்பெனி வாரண்டி செல்லாது என்பதும் விளக்கப்பட்டது. எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, தன் பொறுப்பில் சம்மதிக்கிறார். கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே டாக்டர் கையெழுத்து. சாட்சி என்ற இடத்தில் அவள் கையெழுத்து.

வேலிக்கு ஓணான் சாட்சி.

டாக்டருக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த அறையில் என் வயது தெரியாதவர் ஒருவரும் இல்லை. வாரண்டி இல்லை என்பது தெரியாதவள் நான் ஒருத்திதான். இந்தத் தாளை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் எனக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். இதை ஃபைலில் வைத்துவிட்டுத்தான் அந்த அட்டையைக் கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் போட்டிருக்கிறாள்.

டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், என் மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தாள். முகம் மாறியது. என்னைப் பக்கத்தில் இருந்த காலி அறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் எப்படி உங்கிட்ட சொல்லுவேன்?" என்றாள்.

"தமிழ்ல சொல்லியிருக்கலாம்."

"ஏய், கோவப்படாத, கேளு. நீ என் ஃப்ரெண்டுன்னு டாக்டருக்குத் தெரியும். ஒரே வயசான்னு கேட்டாரு. எனக்குப் பொய் வரல, சொல்லிட்டேன். அவரு, சரி, எழுதி வாங்கிடு, ஃபைல்ல இருக்கட்டும்னாரு. அப்பதான் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம். எழுத மாட்டேன்னா என்னைய வெளிய அனுப்பிடுவாங்க."

"எழுதினதப் பத்தி கேக்கல. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ பண்ணிக்கினு இருப்பியா, மாட்டியா?"

நான் யோசித்தேன். அந்த இருபது வயதில் பண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அல்லது உப்புத்தண்ணிப் பைக்கு ஒத்துக்கொண்டிருப்பேன். எதுவாக இருந்தாலும் அது என் முடிவாக இருந்திருக்கும்.

"அப்ப எதுக்குடி கம்பெனிக்கு இருபத்திரண்டுன்னு பதிஞ்ச? எதுக்கு அந்த அட்டைய எங்கிட்ட குடுத்த?"

"உனக்கு ஒரு தைரியமா இருக்கட்டும்னுதான். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். நீ போயி ஆதார மாத்துவன்னு எனக்கு இன்னா தெரியும்? நீ அத மாத்தாம இருந்திருந்தா இந்நேரம் புதுசு வந்திருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தத் தாள நான் இதுவரைக்கும் கம்பெனிக்குக் காட்டலடி. அத நெனச்சுப் பாரு" என்றாள்.

அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தாள். அவள் முகத்தில் அது தெரிந்தது. அதுதான் எனக்கு ஆறவில்லை. கூட இருந்தே குழி பறிக்கிறவர்களைப் பற்றி ஊரில் எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன், எல்லாக் கதையிலும் அவர்களுக்குத் தாங்கள் செய்தது தெரிந்திருக்கும். இவளுக்குத் தெரியவில்லை. தான் செய்தது எனக்கு நல்லதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். கொண்டுபோன பள்ளிச் சான்றிதழையும் ஜெராக்ஸையும் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்தக் கடிதத்தை நான் கேட்கவே இல்லை.

இனி அரசு ஆஸ்பத்திரிதான். அங்கே எடுத்துவிடுவார்கள், புதிது வைக்க மாட்டார்கள். கூட ஒருவர் வர வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். என் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் மாமியாரோடு கடைக்குப் போயிருந்தாள். பக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பட்டப்பெயரிலிருந்து ஆரம்பித்து அந்த நான்காவது தாள் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் செய்ததைச் சொல்லும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏழு வருசமாங்க, ஏழு வருசம் தெரிஞ்சுக்கினே எங்கிட்ட சிரிச்சுப் பேசியிருக்கறா" என்றேன். அவர் குழாயை மூடினார். துணியைப் பிழிந்து பம்பரில் போட்டார்.

"தழும்பு, கட்டி கீறினதுன்னு சொன்ன" என்றார்.

"ஆமாங்க."

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, கையை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன். என்றைக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் என் நிஜ வயதைச் சொன்னேன். இரண்டு பக்கமும் எடுத்துவிடச் சொன்னேன். அவர் வண்டிக்குப் போகாமல் நான்கு நாள் கூடவே இருந்தார். டீ வாங்கி வந்தார், மாத்திரை வாங்கி வந்தார், படிவங்களில் கையெழுத்துப் போட்டார். முன்பெல்லாம் தொணதொணவென்று பேசுகிற மனிதர், சாப்பிட்டியா, வலிக்குதா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். என் நெஞ்சு பழையபடி சப்பையாகிவிட்டதை ஒருமுறைகூட அவர் குத்திக் காட்டவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகவே தெரியவில்லை. ஆனால் நான் ஏதாவது சொன்னால் இப்போதெல்லாம் என் முகத்தை ஒரு நொடி பார்க்கிறார். நான் சொன்னது உண்மையா என்று பார்க்கிறார். பால் தீர்ந்துவிட்டது என்று சொன்னால்கூடப் பார்க்கிறார்.

போன வாரம் தோழியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. நான் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். "தப்புதான்டி. உங்கிட்ட சொல்லியிருக்கணும். நீ திட்டனாலும் பரவால்ல, ஏதாச்சும் பேசு. மன்னிச்சிடு" என்று அழுதாள். அவர் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் போனை அணைத்துவிட்டு அரிசியைக் களைய ஆரம்பித்தேன்.

"பதில் போடலியா?" என்றார்.

"எதுக்குப் போடணும்? கூடவே இருந்து கழுத்த அறுத்தவளுக்கு என்னா பதில்?"

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அவர் என்னை நேராகப் பார்த்துப் பேசினார்.

"ஏதாவது ஒண்ணு போடு. மன்னிச்சிட்டேன்னாலும் சரி, மாட்டேன்னாலும் சரி. நீ இன்னா போடறியோ, அதப் பாத்துதான் உங்கிட்ட நான் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ணலாம்னு இருக்கறேன்."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு லோடுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் ஆகிவிட்டது. தினமும் அந்தப் பதிவைத் திறக்கிறேன், அவள் அழுவதைக் கேட்கிறேன், எனக்குக் கோபம்தான் வருகிறது. பதில் இன்னும் போடவில்லை.